குண்டூசி கொண்டுவந்த சீட்டு

"தோத்துப் போனா தாங்கிக்க முடியாதாம். இது உங்க பக்கத்து ரத்தம்."

"எங்க பக்கம் யாருங்க கரப்பான் பூச்சியைப் பார்த்து நாற்காலி மேல ஏறினது?"

இரண்டாம் மாடியில் லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் போட்ட இந்தச் சண்டை நான்காம் மாடி வரை கேட்டது. கேட்காதவர்களுக்குக் கேட்டவர்கள் மறுநாள் சொல்லிவிட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் அவர்கள் மகள் பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒரு சீட்டு. மகளுக்கு ஐந்து வயது. ஒல்லி உடம்பு, பந்து மாதிரி சுருட்டை முடி. அதனால் கட்டடம் முழுக்க அவள் குண்டூசி.

மெக்கானிக்குக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பழுதுச் சீட்டு எது வந்தாலும் மேல் துண்டைச் சரக்கென்று கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதில் யார், எந்தக் கட்டடம் என்றுதான் இருக்கும், மாதக் கடைசியில் ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டியது. கோளாறு என்னவென்பது கீழேதான். அதைப் படித்தால் போதும், ஸ்பேனரை எடுத்துவிடலாம். மருந்துச் சீட்டுக்கும் வீட்டில் இதே மரியாதைதான்.

குண்டூசியின் சீட்டில் கீழே இருந்தது இவ்வளவுதான்: "தோற்றால் பொறுத்துக்கொள்வதில்லை. தின்பண்டத்தைப் பகிர்வதில்லை. கரப்பான் பூச்சிக்குப் பயம்."

அடுத்த மாதம் திறக்கும் ஒன்றாம் வகுப்புக்கு யார் யாரை அனுப்புவது என்று பள்ளியில் முடிவாகும் நேரம். தன் பெண்ணை மட்டும் மழலைகளோடு நிறுத்திவிடுவார்களோ என்ற நினைப்பிலேயே மெக்கானிக் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

மனைவியின் தம்பி அந்த வீட்டுக் கூடத்தில்தான் தங்கியிருந்தான். தினமும் காலையில் குண்டூசியைப் பள்ளியில் விடுவது அவன் வேலை. அதற்காக இரண்டு முறை தலை வாரிக்கொள்வதை அக்கா கவனிக்காமல் இல்லை.

"அத்தான், டீச்சர்கிட்ட வேணா ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

"கோளாறு தெரிஞ்சப்புறம் என்னடா கேள்வி? நானே சரி பண்றேன்."

முதலில் தோல்வி. படச் சீட்டுகளைக் கவிழ்த்துவைத்து ஜோடி சேர்க்கும் ஆட்டத்துக்கு மகளை உட்காரவைத்தார். தோற்றாலும் சிரிக்க வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கமும் சொன்னார். மூன்று ஆட்டத்திலும் குண்டூசியே ஜெயித்தாள். மூன்றாவது முடிந்ததும் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி, மெக்கானிக் சீட்டுகளைச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். குண்டூசி தவழ்ந்து போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

மறுநாள் இரண்டாவது சீட்டு வந்தது. சரக். பழையதோடு புதிதாக ஒரு வரி: "விளையாட்டுச் சாமான்களை வீசுதல்."

"பார்த்தியா, முத்துது," என்றார் மனைவியிடம்.

அடுத்தது பகிர்தல். கிரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வாங்கிவந்து, எல்லோருக்கும் கொடு என்றார். குண்டூசி ஆளுக்கொன்று கொடுத்தாள். சுலபமாகக் கொடுத்துவிட்டால் பாடம் எப்படி ஏறும்? இழப்பு என்றால் என்னவென்று தெரியட்டும் என, அவள் கையிலிருந்ததையும் வாங்கித் தானே தின்றார். மிச்சப் பாக்கெட் எங்கே போனது என்று மனைவி கேட்டாள். அவர் வாய் நிறைய பிஸ்கட் இருந்தது.

மூன்றாவது சீட்டு: "அடுத்தவர் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்னுதல்."

மெக்கானிக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தன் பெண் பள்ளியில் பிடுங்கித் தின்கிறாளா? வேலை நேரத்தில் ஒரு லிஃப்ட்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டுக் கண்கலங்கினார் என்று உள்ளே மாட்டிக்கொண்டவர் சொன்னார்.

அன்று மாலை மகளை உட்காரவைத்து நல்லபடியாகப் பேசத் தொடங்கினார். குண்டூசி நான்கு முறை வாய் திறந்தாள். நான்கு முறையும், "அப்பா பேசி முடிக்கிறேன், இரு," என்றார். முடிக்கவில்லை.

நான்காவது சீட்டு: "மற்றவரைப் பேச விடுவதில்லை."

வெள்ளிக்கிழமைச் சீட்டுதான் அவரை உடைத்துப் போட்டது. கடைசி வரிகள் இப்படி இருந்தன: "கெட்ட மனசு இல்லை. சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளலாம். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்."

சனிக்கிழமை காலை குடும்பமே பள்ளிக்குக் கிளம்பியது. மைத்துனன் மூன்று முறை தலை வாரினான்.

முழங்கால் உயர நாற்காலியில் மெக்கானிக் எப்படியோ உட்கார்ந்தார். டீச்சருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் இன்னும் பசை காயவில்லை.

"எத்தனை வருஷம் வேணும்னாலும் இங்கயே வெச்சுக்கங்கம்மா," என்றார் மெக்கானிக். "ஆனா எம்பொண்ணு கெட்டவ இல்லை. எல்லாம் நான் வளர்த்த விதம்."

டீச்சர் விழித்தாள். "பாப்பாவா? பாப்பா போன வாரமே ஒண்ணாங் கிளாஸுக்குத் தேறிட்டாளே. பசங்களைச் சமாதானப்படுத்தறது, விட்டுக் கொடுக்கறது எல்லாத்துலயும் அவதான் முதல்."

"அப்ப இது?" ஐந்து சீட்டையும் மேசைமேல் பரப்பினார்.

டீச்சர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதோட மேல் துண்டெல்லாம் எங்கங்க?"

மனைவி எழுந்து கணவரின் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். ஏழெட்டு லிஃப்ட்டுகளின் விலாசங்களோடு ஐந்து மஞ்சள் துண்டுகளும் வந்தன. ஒன்றை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"இந்த வாரம் என் வீட்டில் நான் கவனித்தவர்: அப்பா. சொன்னவர்: குழந்தை. எழுதியவர்: ஆசிரியை."

முதலில் சிரித்தவன் மைத்துனன். கூடவே சிரித்தவள் டீச்சர். அந்தச் சிரிப்பு அதோடு நிற்கவில்லை. ஆறே மாதத்தில் கல்யாணத்தில் போய் முடிந்தது. இப்போது இருவரும் வேறு ஊரில் குடியிருக்கிறார்கள். கூடத்தில் சோபா காலியாகிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை வந்தபோது மெக்கானிக்கின் விரல்கள் மேல் ஓரம் வரை போய், நின்று, திரும்பிவந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விருந்தில் தன் இலையிலிருந்த கடைசி இனிப்பை அவர் மகளிடம் நீட்டியதை ஊரே பார்த்தது.

குண்டூசி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மணமேடையைப் பார்த்துக் கத்தினாள்:

"அத்தை, எழுதிக்கோங்க. அப்பா தேறிட்டாரு."