எண்ணூறுக்குள் அடங்காத ஏலச்செடி

"காசிராஜன் அவர்களே, உங்கள் படம் பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அகலத்தை எண்ணூறு பிக்சலுக்குள் சுருக்கிப் போடவும்."

ஏல விவசாயிகளின் இணைய மன்றத்தில் நிர்வாகி எழுதியிருந்ததைப் படித்ததும் காசிராஜனுக்குச் சுருக்கென்றது. போடிமெட்டுத் தோட்டத்தில் ஏலச்செடிக் குருத்தெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. என்ன பூச்சி என்று கேட்கத்தான் காலையில் படம் எடுத்துப் போட்டார். வேண்டுமென்றேதான் பெரிதாகப் போட்டார். சல்லடையில் மேலே நிற்கும் காய்க்குத்தான் மதிப்பு, கீழே விழுவது கழிவு என்று பார்த்துப் பழகிய போடிக்காரர் அவர்.

ஆனால், மற்றவர்களின் திரையில் ஓர் இலையின் ஒற்றை நரம்புதான் தெரிந்தது. 'பச்சை பெயின்ட் அடிச்ச சுவரா அண்ணே?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"மத்தியானம் மருந்தடிக்க வினோத்குமார் ஜீப்புல வந்துருவான். அதுக்குள்ள என்ன பூச்சின்னு தெரியணும்" என்றார் மனைவியிடம்.

"தெரியாம கண்டதையும் அடிச்சா என் தேனீயெல்லாம் செத்துரும். தேனீ இல்லாம பூவுல காய் புடிக்குமா? அப்புறம் வெறும் இலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருங்க" என்றாள் தேவி.

அப்போது பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலை வந்தார்.

"மாப்ளே, என் வெள்ளாட்டக் காணோம். இந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"ஆடு எங்க போகப்போகுது மாமா! மொதல்ல இதப் பாருங்க."

சோலைமலை போனை வாங்கி உற்றுப் பார்த்தார். ஆட்டைத் தேடுவதை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டுப் பெரிசு எதுக்கு மாப்ளே? நான் சுருக்கித் தர்றேன்."

சுருக்கினார். எண்ணூறு போட வேண்டிய இடத்தில் எண்பது விழுந்துவிட்டது. படம் தபால்தலைக்குச் சித்தப்பா மகன் மாதிரி வந்து நின்றது. 'மல்லித்தழை நல்லா இருக்கு' என்று பதில் வந்தது.

"பெரிசாக்குங்க மாமா!"

எண்பதை இழுத்து எண்ணூறாக்கியதும் இலை முழுக்கச் சதுரம் சதுரமாகத் தெறித்தது. கம்பத்திலிருந்து ஓர் அனுபவசாலி பதறிப்போய் எழுதினார்: 'இலையெல்லாம் கட்டம் போட்டிருக்கு. தேமல் நோய் முத்திருச்சு. தோட்டத்தையே வேரோட புடுங்கித் தீ வச்சிருங்க.'

காசிராஜன் தலையில் கைவைத்தார். தேவி மண்வெட்டியை எடுத்து ஒளித்து வைத்தாள்.

"பதறாத மாப்ளே. மொதப் படத்துலயிருந்து தேவையான இலைய மட்டும் வெட்டி எடுப்போம். வலது ஓரம் இருட்டா இருக்கு, அது நமக்கு எதுக்கு?" என்றார் சோலைமலை.

"ஒங்க சோலியப் போட்டுட்டு எனக்காக உக்காந்திருக்கீங்களே மாமா!" என்று நெகிழ்ந்தார் காசிராஜன்.

"நமக்குள்ள என்ன மாப்ளே."

இந்த முறை படம் பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. நிர்வாகியே பாராட்டினார். பதில்களும் குவிந்தன. தண்டுப்புழு என்றார் ஒருவர். நத்தை என்றார் இன்னொருவர். எலிதான் என்று சத்தியம் செய்தார் மற்றொருவர். ஆளுக்கொரு மருந்தும் சொன்னார்கள்.

"எதுக்கு வம்பு? எல்லாத்தையும் கலந்து அடிச்சிருவோம்" என்றார் காசிராஜன்.

தேவி போய்த் தேனீப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

ஜீப்பு வந்தது. மருந்து டேங்கை இறக்கிவைத்த வினோத்குமார் கையை நீட்டினான்.

"மன்றத்துல போட்டதப் பாத்தேன், அது வேணாண்ணே. நீங்க எடுத்த முழுப் படத்தக் காட்டுங்க."

சோலைமலை எழுந்து செருப்பைத் தேடினார். "நான் வெரசாப் போகணும் மாப்ளே."

வினோத்குமார் இரண்டு விரலால் படத்தை விரித்து, வலது ஓரத்துக்கு நகர்த்தினான். பிறகு டேங்கைத் தூக்கி மறுபடியும் ஜீப்பில் ஏற்றினான்.

"இந்தப் பூச்சிக்கு மருந்து வேணாண்ணே. கழுத்துல ஏற்கெனவே மணி கெடக்கு, ஒரு கயித்தயும் குடுங்க, சோலைமலை அண்ணன் வீட்டுல கொண்டுபோய்க் கட்டிக்கிருவாரு."