பருச்சாமியின் சந்தன உருண்டை

எண்பத்து நான்காம் ஆண்டு, வெள்ளிக்கிழமைகளில் கிள்ளான் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. பந்திங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் பருவுள்ள முகங்களெல்லாம் பருச்சாமி வீட்டுக்குப் படையெடுத்தன. அம்மை வந்தால் 'முத்து போட்டிருக்கிறது' என்கிறோம் அல்லவா? முகப்பருவும் அம்மன் போட்ட குட்டி முத்துதான் என்று கண்டுபிடித்த மகான் அவர். அதற்கு முன் சின்னையா என்ற பெயரில் பழைய லோரி விற்றுக்கொண்டிருந்தார். அம்மன் எப்படித்தான் ஆள் பிடிக்கிறாளோ!

மருந்து, தினம் ஒரு சந்தன உருண்டை. கடிக்கக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும். டாக்டரிடம் மூச்சுவிடக் கூடாது. விட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துப் போனதால் சீதாலெட்சுமி உருண்டைக்கு வந்தாள். முகம் பளபளவென்று ஆனது. விஜயன் வந்தான், கட்டிக்கொண்டான். பரு திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் உருண்டையை விடவில்லை. மூன்று வருடமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் நல்லம்மாள் மகனுக்கு வேறு பெண் தேடத் தொடங்கிவிட்டாள். பாவம், சீதாலெட்சுமி அதையும் சாமியிடமே சொல்லி அழுதாள். சாமி மனம் இளகி, மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தார். அதற்குத் தனிக் காணிக்கை.

"உருண்டைய மட்டும் நிறுத்திடாதம்மா," என்றார்.

கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்டர் குணேஸ்வரியிடம் போனாள். சோதனையில் ஒரு குறையும் இல்லை.

"மருந்து ஏதாச்சும் சாப்பிடுறியா?"

"இல்ல டாக்டர். பருவுக்குச் சாமி உருண்டை மட்டும்தான்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்களும் பருவுக்குச் சில பொம்பளைங்களுக்கு ஒரு ஹார்மோன் மாத்திரை குடுப்போம். ஆனா பிரஷர் பாப்போம், பிள்ளை வேணுமான்னு கேப்போம். இனிமே அத முழுங்காத. தண்ணியில போட்டுப் பாரு."

அடுத்த வெள்ளி, கூட்டம் முழுக்கப் பார்த்திருக்க, சீதாலெட்சுமி சாமி கொடுத்த உருண்டையைத் தண்ணீர்க் கிளாஸில் போட்டாள். சந்தனம் கரைந்தது. அடியில் ஒரு சின்ன மாத்திரை கிடந்தது, மேலே எழுத்தோடு.

"சாமி, அம்மன் இங்கிலீஷ்லயா எழுதுவா?"

சாமி அசரவில்லை. "அது தேவ எழுத்தும்மா. நம்ம கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

பாசாரில் மீன் விற்கும் வீரம்மா எட்டிப் பார்த்தாள். ஆறு பிள்ளைக்காரி. "தேவ எழுத்தா? ஆறாவதுக்கு அப்புறம் நான் கிளினிக்ல வாங்குறேனே, அதே மாத்திரை லா! பிள்ளை தங்காம இருக்கக் குடுக்குறது!" என்று பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

கூட்டத்தில் நின்ற பாலன் என்ற இளைஞனுக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, நானும் ஆறு மாசமா முழுங்குறேன். எனக்கு என்ன ஆகும்?"

"நெஞ்சு வீங்குதான்னு டாக்டர்கிட்ட காட்டு தம்பி. மத்தபடி பயப்படாத, நீ முழுகாம இருக்க மாட்ட," என்றாள் வீரம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். சீதாலெட்சுமி சிரிக்கவில்லை. "ஒரு கையால வரம் குடுத்து, இன்னொரு கையால வயித்த அடைச்சியே! என்னை மலடின்னாங்க. அதையும் உங்கிட்டயே வந்து சொல்லி அழுதேனே!"

அம்மனிடம் கேட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போன சாமி, சமையலறைக் கதவு வழியாக ஓடினார். பின்வேலிக் கம்பி அவருடைய காவி வேட்டியைக் காணிக்கையாகப் பிடித்துவைத்துக்கொண்டது.

மறு வருடம் சீதாலெட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கூடவே இரண்டு பருவும் வந்தன. விஜயன் கவனிக்கவே இல்லை. அவன் கண்ணெல்லாம் தொட்டிலில்.

சாமி? இப்போது செலாயாங்கில் வழுக்கைக்கு எண்ணெய் மந்திரித்துக் கொடுக்கிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். தலைக்கு மேலே முளைப்பதற்காக இவ்வளவு அலைகிற மக்களே, உள்ளே இருப்பதையும் எப்போதாவது பயன்படுத்திப் பாருங்களேன்!