பூசணிக்காயின் கொழுப்பு

பண்டத்தரிப்பு ஊரில் ஒரு சாமி உடம்புக் கொழுப்பை இறக்குகிறார் என்று கேள்விப்பட்டதும் வலிகாமப் பகுதியே கிளம்பிவிட்டது. கந்தப்புச் சாமி வயிற்றில் தைலம் தடவி, அந்தக் கையை அண்டாத் தண்ணீரில் முக்கினால், மஞ்சள் கட்டியாகக் கொழுப்பு மிதக்குமாம். தண்ணீர் சில்லென்றிருப்பது கைலாயத்துக் குளிராம். கட்டணம் இல்லை, காணிக்கைதான். தோஷத்தை ஏற்க ஆளுக்கொரு நீற்றுப்பூசணிக்காயும் கொண்டுவர வேண்டும்.

அந்த வரிசையில், முகம் தெரியாதபடி தலைக்கவசத்தைக் கழற்றாமல், பூசணிக்காயோடு நின்றார் உடுவில் ஜெயசுதன் மாஸ்டர். விளையாட்டு ஆசிரியர். நாற்பத்துமூன்று வயதிலும் ஒட்டிய வயிறு. காலையில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். கூட ஓடும் முப்பது பேருக்கும் அவர் ஓதுகிற வேதம் ஒன்றே ஒன்று: "ஓடுறவனுக்குக் கொழுப்பு வராது. வந்தால் அவன் சோம்பேறி!" பேய், சாத்திரம், எதையும் நம்பாத மனிதர்.

அப்பேர்ப்பட்டவரின் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு இருநூற்று ஐம்பதைத் தாண்டி நின்றது. டாக்குத்தர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஓட்டத்தாலை நல்ல கொழுப்புக் கூடியிருக்கு. ஆனால் இந்தக் கெட்டது பரம்பரை, ஓட்டத்துக்கு அசையாது. அப்பா எத்தினை வயதிலை போனவர்?"

"நாற்பத்தாறு. மாரடைப்பு."

"அப்ப குளிசையைப் போடுங்கோ. ஓட்டத்தையும் விடாதையுங்கோ."

குளிசை, மாத்திரை என்று விழுங்கினால் ஊர் சிரிக்காதா? மாஸ்டர் குளிசையை அலுமாரிக்குள் ஒளித்தார், ஓட்டத்தைப் பதினைந்து கிலோமீற்றராக்கினார். மூன்று மாதம் கழித்துச் சோதித்தார். கால்தான் தேய்ந்திருந்தது, கொழுப்புத் தேயவில்லை. அப்பாவின் வயதுக்கு இன்னும் மூன்றே வருடம். பயந்துபோனார். பகுத்தறிவை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

முறை வந்தது. சாமி தடவுவதற்கு வயிற்றைத் தேடிப் பிடித்தார். கையை முக்கினார். மஞ்சள் கட்டிகள் மிதந்தன.

"ஏழு தலைமுறைக் கொழுப்பு!"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ!"

மனைவி தாரிகா. பிரிக்காத குளிசைப் பெட்டியோடு வாசலில் நின்றாள். ஒருநாளும் சந்தைக்குப் போகாத மனிதர் பூசணிக்காய் வாங்கினால் எந்த மனைவிதான் பின்னால் வரமாட்டாள்?

"சாமி, அந்தத் தைலத்தை ஒருக்கால் தாங்கோ."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போத்தலை எடுத்தாள், கணவருடைய பூசணிக்காயில் தடவினாள், அண்டாவுக்குள் அமுக்கினாள். மஞ்சள் கட்டிகள் சுற்றிவர மிதந்தன.

"பூசணிக்காய்க்கும் கொழுப்போ!" என்றது கூட்டம்.

"தேங்காயெண்ணெயிலை மஞ்சள் கலந்திருக்கு. குளிருக்கு உறையாமல் என்ன செய்யும்?" என்றாள் தாரிகா.

கொழும்புத்துறை மீன் வியாபாரி ஒருவர் அண்டாவின் அடியைச் சுற்றியிருந்த பட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்தார். "அட, உது எங்கடை மீன்பெட்டி ஐஸ்!"

"இந்தப் பொம்பிளைக்குத்தான் கொழுப்பு!" என்று கத்திக்கொண்டே சாமி பின்வேலியால் பாய்ந்தார். ஓட்டத்தில் மாஸ்டரையே வென்றிருப்பார்.

"விசர் பிடிச்ச சனங்கள், எதையும் நம்புதுகள்," என்று மாஸ்டர் சிரித்தார். தலைக்கவசத்துக்குள் இருந்துகொண்டுதான்.

தாரிகா சிரிக்கவில்லை. "அவன் எண்ணெயைக் காட்டி ஏமாத்தினான். நீங்கள் ஓட்டத்தைக் காட்டி உங்களையே ஏமாத்தினீங்கள். கஜந்தினிக்கும் உங்கடை இரத்தம்தானே? பிள்ளையையும் ஒரு பூசணிக்காயோடை அனுப்புவமோ?"

மகளின் பெயரைக் கேட்டதும் மாஸ்டரின் சிரிப்பு நின்றது. வெட்கமாக இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, அந்த இடத்திலேயே ஒரு குளிசையை விழுங்கினார்.

மறுநாள் காலை மைதானத்தில் முப்பது பேருக்கு முன்னால் நின்றார்.

"எனக்குக் கொழுப்பு. இரத்தத்திலையும் இருக்கு, வாயிலையும் இருந்தது. இண்டைக்கு மகளைச் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போறன். நீங்களும் அப்பா அம்மாவுக்கு என்ன நோய், என்ன வருத்தம் எண்டு கேட்டு, இரத்தத்தைச் சோதியுங்கோ. ஓடுறதை விடாதையுங்கோ. ஆனால் கால் ஓடுது எண்டதுக்காக மூளைக்கு லீவு குடுக்காதையுங்கோ!"