இரண்டு தட்டுப் பேரிக்காய்

பத்து நாளாகவே பழச்சோதகருக்கு மனைவி மேல் சந்தேகம். வேறு ஒன்றும் இல்லை, பேரிக்காய் விஷயம்தான். அவர் தட்டுக்கு வருகிற பேரிக்காய் மட்டும் மணலைக் கடித்த மாதிரி நறநறவென்கிறது. அவள் தட்டிலோ சத்தமே இல்லை.

சாதாரண ஆளாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். இவருக்கு உத்தியோகமே அதுதான். பழங்களை டப்பாவில் அடைக்கும் கம்பெனியில், லாரியில் வந்து இறங்கும் பேரிக்காயைப் பெட்டிக்கு ஒன்று எடுத்துக் கடித்துப் பார்ப்பார். பல்லில் கல் தட்டினால் மொத்த லோடும் வந்த வழியே திரும்பிப் போகும். பதினோரு வருஷமாக அந்தப் பல்லுக்குப் பயப்படாத தோட்டக்காரர் கிடையாது.

அந்தப் பல்தான் இப்போது மக்கர் செய்கிறது. இடது கடைவாயில் உயிர் போகிற வலி. சொன்னால் மனைவி பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டரம்மாவோ பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள். பல் பிடுங்கும் குறடை நினைத்தாலே மனிதர் வாயை இறுக மூடிக்கொள்கிறார். அதோடு, பல்லைப் பிடுங்கிவிட்டால் நாளைக்கு எதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவது? அதனால் வலியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆனால் மனைவியும் டாக்டரம்மாவும் மாடிப்படியில் நின்று குசுகுசுப்பதும், இவர் தலையைக் கண்டதும் துணி காயவில்லை என்று பேச்சை மாற்றுவதும் அவர் கண்ணில் படாமல் இல்லை. பத்து நாளாகத் துணி காயாத ஊர் எங்கே இருக்கிறது?

அன்று சாயங்காலம் மனைவி இரண்டு தட்டுகளோடு வந்தாள்.

"ஏம்மா, எனக்கு மட்டும் பழம் ஏன் தினம் கல்லா இருக்கு?"

"நல்லாக் கழுவித்தாங்க வெட்டினேன்."

"இது மேல ஒட்டின கல்லு இல்ல. பிஞ்சா இருக்கும்போதே உள்ள சில அணுக்கள் கட்டை மாதிரி இறுகிடும். கூட்டம் கூட்டமா சேர்ந்து நிக்கும். அதுவும் விதையைச் சுத்தித்தான் ரொம்ப."

"தெரியுமே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதைத்தானே சொல்றீங்க."

"தெரியும்ல? அப்ப விதையோரத் துண்டு யாருக்கு, மெத்துனு இருக்கிற துண்டு யாருக்குன்னும் தெரியும்."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"பல்லு கில்லு வலிக்குதா?"

"எனக்கா? நல்லாக் கேட்ட போ."

"அப்ப சாப்பிடுங்க. அடுப்பை அணைச்சிட்டு வந்துடறேன்."

அவள் உள்ளே போனதும் அவர் இரண்டு தட்டுகளையும் உற்றுப் பார்த்தார். துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அதுதான் அவர் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. இவ்வளவு பொருத்தமாக வெட்ட வேண்டுமென்றால் மனசில் ஏதோ கள்ளம் இருக்க வேண்டும். சட்டென்று தட்டுகளை இடம் மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் வந்து எதிரே உட்கார்ந்ததும் பெரிய துண்டாகப் பொறுக்கி, வாயின் இடது பக்கத்தில் வைத்தார். மெத்தென்ற துண்டுதானே! வலிக்கிற பக்கமாகவே மென்று காட்டிவிட்டால் இனிமேல் பல்லைப் பற்றி இவள் வாயே திறக்க முடியாது.

நறுக்.

கடைவாயில் கிளம்பிய வலி உச்சந்தலையில் போய் இடித்தது. கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள் நின்றது. மனைவி எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. இப்பதான் ஒத்துக்கிட்டார்."

டாக்டரம்மா கைப்பையோடு உள்ளே வந்தாள். பழச்சோதகர் கண்ணீரோடு மனைவியைப் பார்த்தார்.

"நான் தட்டை மாத்துவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மாத்தினீங்களா? எனக்குத் தெரியாதே. இன்னிக்கு ரெண்டு தட்டுலயும் விதையோரத் துண்டைத்தான் வெச்சேன்."

"அப்ப நல்ல துண்டெல்லாம் எங்க?"

டாக்டரம்மா கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிரமாதமான பழம் சார், ஒரு கல்லு கூட இல்ல. எங்க, வாயைத் திறங்க."