வெள்ளவத்தையில் குடியிருந்த வேற்றுக்கிரக வீரன்

வெளிநாட்டில் ஓர் ஆளாவது இல்லாத தமிழ்க் குடும்பம் கொழும்பில் கிடையாது. ஆனால் வெளிக்கிரகம் போய்வந்தவர் எனக்குத் தெரிந்து ஒரேயொருவர்தான். அவர் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில், எனக்குப் பக்கத்து அறையில் இருந்தார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'கிரகத்தார்' என்றால்தான் தபால்காரருக்கே தெரியும்.

ஒரு காலத்தில் வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தவர். அந்த நாடகங்கள் நின்றுபோய், வேலையில்லாமல் இருந்தபோது, ஒரு தொலைக்காட்சி வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஒன்றைத் தமிழாக்கி ஒளிபரப்பத் தொடங்கியது. கப்பல் நிறைய மனிதர்கள். அவர்கள் நடுவே பலாப்பழத் தோல் போன்ற முகத்தோடு ஒரேயொரு வேற்றுக்கிரக வீரன். பெயர் ஸெத்ரான். அவனுக்குக் குரல் எங்கள் கிரகத்தார்.

சாதாரணக் குரல் இல்லை. தண்ணீர் வராத குழாயைத் திறந்தால் முதலில் ஒரு சத்தம் வருமே, அதைப் பத்து மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். வேடம் கிடைத்த அன்று படியேறி வந்து, நெஞ்சில் அறைந்து, "நான் ஸெத்ரான்!" என்று முழங்கினார். வீட்டுக்கார அன்ரி குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"ஐயோ, ஆர் செத்தான்? எப்ப செத்தான்?"

அதற்குப் பிறகு அவர் வேறு குரலில் பேசி நாங்கள் கேட்கவில்லை. சந்தையில் மீன் விலை கேட்டாலும் அதே குரல்தான். மீன்காரர் சூடைமீனைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, ஆள் போகும்வரை கத்தியைக் கையிலேயே வைத்திருப்பார். தொடரில் ஸெத்ரானுக்குக் காலில் அடிபட்டால் இவர் அந்த வாரம் முழுவதும் நொண்டுவார். அவனைச் சிறையில் போட்டால் இவரும் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். அன்ரி சாப்பாட்டுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு, "உவரை எப்பதான் விடுவாங்களோ!" என்று புறுபுறுத்தபடி இறங்குவார்.

குரல்பதிவு கொட்டாஞ்சேனையில், தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் உள்ளறையில் நடந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தை. பொறுப்பாளர் ஜெரோம் அந்த ஊர்ப் பிள்ளை, பொறுமைசாலி. வசனத் தாளில் ஸெத்ரானுக்குப் பெரும்பாலும் '(உறுமல்)' என்றுதான் எழுதியிருக்கும். கிரகத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இவன்ரை தாய் ஆர்?"

"அங்கிள், அது ஸ்கிரிப்ட்ல இல்ல. நீங்க சும்மா உறுமுங்க."

"தாயில்லாதவன் எப்பிடி உறுமுவான்?"

கடைசியில் ஸெத்ரானின் வாழ்க்கையை அவரே உண்டாக்கிக்கொண்டார். இராச்சாப்பாட்டு மேசையில் எங்களுக்குத் தவணை முறையில் சொல்லுவார். ஸெத்ரான் பிறந்தது உப்பு வெளியாய்க் கிடக்கும் ஒரு கிரகத்தில். யுத்தத்தில் அவனுடைய இனமே அழிந்துபோக, தனித்து நின்ற குழந்தையை மனிதர்களின் கப்பல் தூக்கிக்கொண்டது. சாப்பாடு கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள், மரியாதைக்கும் குறைவில்லை.

"ஒண்டு மட்டும் இல்லை," என்பார். "சாப்பிட்டியோ எண்டு அவன்ரை பாஷையிலை கேக்க அந்தக் கப்பலிலை ஒரு சீவன் இல்லை."

நாங்கள் சிரித்துக்கொண்டே பருப்பை ஊற்றிக்கொள்வோம். கிரகத்தாருக்குக் கூடப்பிறந்தவர்கள் பலர். ரொறன்ரோ, ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று சிதறியிருந்தார்கள். இவர் பேச ஆள் தேடும் நேரத்தில் அவர்களில் ஒருவர் வேலையில் இருப்பார், மற்றவர் தூக்கத்தில் இருப்பார்.

ஸெத்ரானின் போர் முழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எதிரியின் மேல் பாயும்போது அவன் தன் பாஷையில் நீளமாக ஏதோ கத்துவான். தமிழ் இரசிகர்களுக்கு உடல் சிலிர்க்கும். ஒருநாள் பஸ்ஸில் கொண்டக்டர் எங்கள் கிரகத்தாரை உற்றுப் பார்த்தார். முஸ்லிம் மனிதர், தொடரை ஒருநாளும் விடாதவர்.

"அங்கிள், நீங்க கத்துறது 'பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்ட'தானே? அது நாங்க பஸ்ஸில கூப்பிடுற ரூட்டல்லவா!"

கிரகத்தாரின் முகம் சிவந்தது. ஆனாலும் டிக்கட்டுக்குக் காசு வாங்கவில்லை கொண்டக்டர்.

அவர் பயிற்சி எடுப்பது ரயில் பாதைக்கு அப்பால், கடற்கரைக் கற்களின் மேல் நின்றபடி. ஒரு மாலை நானும் கூட நின்றபோது யாரோ பயந்துபோய்ச் சொல்ல, பொலிஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கேட்காமலே நானும் என் அட்டையை எடுத்து நீட்டினேன். "ரஸ்ஸாவ மொக்கத்த?" என்று தொழிலைக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கிரகத்தார் தன் சிங்களம் முழுவதையும் திரட்டி, தான் வேறு கிரகத்திலிருந்து வந்த யுத்த வீரன் என்று உறுமினார்.

முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பொலிஸ்காரர் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அந்தத் தொடரைச் சிங்களத்தில் பார்ப்பவளாம். ஒருமுறை அவளுக்காக உறுமமுடியுமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொடரில் ஸெத்ரான் சாகும் கட்டம் வந்தது.

"என்னைச் சாகச் சொல்லுறாங்கள்," என்று வந்து படியில் உட்கார்ந்தார். பிறகு பதிவுக்குப் போகவே மறுத்தார். ஜெரோம் வீடு தேடி வந்தார்.

"அங்கிள், நானா கொன்னேன்? வெளிநாட்டுல எடுத்த படம். ஆள் அங்க எப்பவோ செத்துட்டான்."

"அங்கை செத்திருக்கலாம். இஞ்சை இன்னும் சாகேல்லை."

ஜெரோம் போய் வேறொருவரை வைத்துப் பதிந்து பார்த்தார். அதைத் தொலைபேசியில் கிரகத்தாருக்குப் போட்டும் காட்டினார். புதியவர் மேடை நாடகத்து இராவணன்போல அலறி, மூச்சுவாங்கி, மறுபடி அலறிச் செத்தார். கிரகத்தார் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து சட்டையை மாற்றினார்.

"அவனை உப்பிடிச் சாகவிடேலாது. தம்பி, நீரும் வாரும். தனியப் போக ஏலாது."

போனேன். மெத்தைச் சுவர் அறைக்குள், மூலையில் ஒரு முக்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். திரையில் ஸெத்ரான் ஆளில்லாத கப்பல் தளம் ஒன்றில் குப்புற விழுந்து கிடந்தான். மனிதர்கள் எல்லோரும் தப்பிப் போயிருந்தார்கள். அவன் தலையைத் தூக்கி, இருட்டைப் பார்த்து வாயை அசைத்தான். தாளில் '(உறுமல்)' என்றுதான் இருந்தது.

கிரகத்தார் உறுமவில்லை. மெல்ல, வீட்டில் பேசும் தமிழில் கேட்டார்.

"ஆரும் இருக்கிறியளோ?"

அது பதிவு என்பது எனக்கு மறந்துபோனது. "ஓம், இருக்கிறன்," என்றேன்.

கண்ணாடிக்கு அப்பால் ஜெரோம் தலையில் கைவைத்தார். "பிரதர், மைக் ஓடுது! இன்னொரு டேக் போவம்."

கிரகத்தார் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "விடும் ஜெரோம். அது அப்பிடியே இருக்கட்டும்."

இருந்தது. அப்படியே ஒளிபரப்பானது. அன்ரியின் கூடத்தில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். திரையில் யாருமே இல்லாத அந்தத் தளத்தில் எங்கிருந்தோ என் குரல் கேட்டது. ஸெத்ரான் கண்ணை மூடினான். அன்ரி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கிரகத்தார் எழுந்து மாடிக்குப் போனார்.

அடுத்த நாள் காலைத் தேநீருக்கு அவர் இறங்கி வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

"ஆர்?"

அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றே நினைத்தேன். மெலிந்த, கொஞ்சம் கீச்சென்ற குரல். கதவைத் திறந்தவர் கிரகத்தார்தான்.

"ஒண்டுமில்லை தம்பி. இனி எந்தக் குரலிலை கதைக்கிறது எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

பிறகு ஜெரோம் ஒரு பற்பசை விளம்பரத்தில் கிருமியின் வேடம் கொடுத்துப் பார்த்தார். கிரகத்தார் ஏற்கவில்லை. "கிருமிக்குச் சொந்தக்காரர் கனபேர். எனக்குச் சரிவராது."

நான் கலியாணம் முடித்துக் கிருலப்பனைக்கு வந்துவிட்டேன். அவர் அதே அறையில்தான் இருக்கிறார். ஞாயிறு பின்னேரங்களில் போவேன். கடற்கரையில் உட்கார்ந்து கதைப்போம். பேசப் பேச அந்த மெலிந்த குரல் நடுவில் உடையும், பாதியைக் கடல் விழுங்கிவிடும், ரயில் வந்தால் மீதியும் போய்விடும். வானொலிக்காரர் யாரும் அதற்கு வேலை கொடுக்கமாட்டார்கள். எனக்கு அந்தக் குரல்தான் பிடிக்கும்.