கோணல் நாற்காலிகள்

படவரைவாளர் கூடத்தை நேர்ப்படுத்தாமல் ஒருநாளும் படுக்கப் போனதில்லை. நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளுவார். முக்காலியைச் சுவரோடு சேர்ப்பார். பெஞ்சை ஒற்றைக் கண்ணால் அளந்து, சுவருக்கு இணையாக நகர்த்துவார். கட்டட வரைபடங்கள் போட்டே முதிர்ந்த கைகள். கோணலைக் கண்டால் அவற்றுக்கு அரிப்பெடுக்கும்.

விடிந்து பார்த்தால் எல்லாம் பழையபடி தாறுமாறாகக் கிடக்கும். ஒரு நாற்காலி கதவருகே, இன்னொன்று கூடத்தின் நட்டநடுவில், பெஞ்சு குறுக்கே.

குற்றவாளி யார் என்பதில் ஐயமே இல்லை. உடன் வசிக்கும் மாமனார்தான். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவில் தூக்கம் வராமல் எதையாவது இழுத்துக்கொண்டே இருப்பார்.

"காத்து வர்ற இடமாப் பாத்து உக்காந்தேன் மாப்பிள்ளை."

"ஒரே ஆள் நாலு இடத்துலயா மாமா?"

"காத்து மட்டும் ஒரே இடத்துலயா வருது?"

வேலைக்குப் போன நாள்களில் அலுவலகத்திலும் படவரைவாளருக்கு இதே போராட்டம்தான். அங்கே ஒரு காவலாளி, முக்காலிகளை நடைவழியிலேயே விட்டுவிட்டுப் போவார். அதட்டினால், "தோ எடுத்துடறேன் சார்" என்பார், எடுக்கமாட்டார்.

படவரைவாளருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே நைந்து, மூளை இடும் கட்டளை கால்களைச் சேராமல் பாதி வழியில் தொலைந்துபோகும் நோய். சில நாள் ஒன்றும் தெரியாது. சில நாள் இடது பாதம் வேறு யாருடையதோ போல் இழுபடும். பார்வைக்கு ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனால் களைப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னால், "எனக்கும்தான் சார்" என்று ஆறுதல் கூறிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மருத்துவர் வாங்கச் சொன்ன கைத்தடி, உறைகூடப் பிரிக்கப்படாமல் கதவுக்குப் பின்னால் நின்றது. "எதையும் பிடிக்காமத்தானே நடக்கறேன், அது எதுக்கு?" என்பது அவர் கட்சி.

நோயின் கடைசித் தாக்குதலுக்குப் பின் அவர் நீண்ட விடுப்பில் இருந்தார். இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து, அவர் நடப்பதைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வேலைக்குத் திரும்ப முடியும். அந்த அம்மையார் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தைய மாலை, கூடத்தின் நடுவில் நாற்காலியைக் கண்ட படவரைவாளர் பொறுமை இழந்தார்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா மாமா? நாளைக்கு அவங்க வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? தயவுபண்ணி இனிமே எதையும் தொடாதீங்க!"

"தொடலை மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமனார் தம் அறைக்குப் போனார்.

மறுநாள் காலை கூடம் அச்சடித்த வரைபடம் போல் இருந்தது. படவரைவாளர் பூரித்துப்போய் அடியெடுத்து வைத்தார். கூடம் ஒரே இரவில் இரு மடங்கு அகலமாகிவிட்டது போலிருந்தது. அடுத்த அடியில் தரை சாய்ந்தது.

"என்னங்க, தள்ளாடறீங்க?" என்றாள் மனைவி.

"தூக்கக் கலக்கம். சூடா குளிச்சா சரியாயிடும்."

"சூடு ஆகாதுன்னு டாக்டர்..."

"இன்னிக்கு ஒரு நாள்."

மனைவியின் தோளைப் பிடித்துப்போய், ஆவி பறக்கக் குளித்தார். வெளியே வந்தபோது கால்கள் பிழிந்து போட்ட துணிபோல் துவண்டன. கண்ணும் மங்கியது.

"சொன்னேனா இல்லையா?" என்று கடிந்தபடியே மனைவி அவரை அறையில் உட்கார வைத்து, விசிறியைச் சுழலவிட்டு, ஐஸ் தண்ணீர் கொடுத்தாள். உடம்பு விரைவில் குளிரட்டும் என்று அவர் ஒரு சொம்பு முழுவதையும் குடித்துத் தீர்த்தார். கண் தெளிந்தது, கால்களுக்கும் ஓரளவு உயிர் வந்தது. ஆனால் அவர் நோய் அவசரத்தை முன்கூட்டி அறிவிக்கும் நோயன்று. ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரே நேரத்தில் வெளியேற அனுமதி கோரியது.

குளியலறை கூடத்தின் மறுகோடியில். அந்த நேரம் பார்த்து வாசல் மணி ஒலித்தது. மனைவி கதவைத் திறக்க ஓடினாள். படவரைவாளர் தனியே புறப்பட்டார்.

பாதி தூரம் வரை கௌரவமாகத்தான் போனார். அப்புறம் கை தானாக வலப்பக்கம் நீண்டது. அங்கே ஒன்றும் இல்லை. இடப்பக்கம் நீண்டது. அங்கேயும் இல்லை. மாமனார் தம் அறை வாசலில் நின்று, முதுகுக்குப் பின்னால் கைகளைப் பிணைத்துக்கொண்டு பார்த்திருந்தார். தொடக்கூடாது என்பது உத்தரவு. ஆனால் அவருடைய விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

படவரைவாளரின் கைக்கு அகப்பட்டது சன்னல் திரை. அதைப் பிடித்தார், அது கம்பியோடு கழன்று அவர் தலைமேல் விழுந்தது.

உத்தரவை மீறி மாமனார் பாய்ந்தார். கிறீச்சென்று ஒரு நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு வந்தது. படவரைவாளர் திரையோடு அதில் சரிந்தார். திரையை விலக்கி எட்டிப் பார்த்தபோது, எதிரே இயன்முறை மருத்துவர் நின்றிருந்தார்.

"வணக்கம்" என்றார் படவரைவாளர். "தப்பா நினைக்காதீங்க. முதல்ல எனக்கு ஒரு அவசரம்."

மனைவி தாங்கிப் பிடித்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வேலை போய்விட்டது என்றே தோன்றியது.

அப்போது கீழ்வீட்டு அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். நாற்காலிச் சத்தம் தாங்க முடியவில்லை என்று முன்பெல்லாம் சண்டைக்கு வந்தவள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, சத்தம்..." என்று படவரைவாளர் தொடங்கினார்.

"அட, சத்தம் கேட்டப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு! ராத்திரி கேக்கவே இல்லையா, பெரியவருக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நீங்க படுத்ததும் உங்க கை எட்டுற இடமாப் பாத்து ஒவ்வொண்ணா இழுத்துப் போடுவாரே!"

படவரைவாளர் மாமனார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அதை..." என்று மாமனார் கையசைத்தார்.

"நான் சண்டை போட வந்த அன்னிக்கு அவர்தான் சொன்னார். 'பஸ்ல கம்பி எங்கன்னு யாரும் பாக்கறதில்லை, கை தானாப் பிடிக்கும். பிடிக்கறோம்னு தெரிஞ்சா எங்க மாப்பிள்ளை பிடிக்கமாட்டார்'னு. அப்புறம் நான் எங்க சண்டை போடறது?"

படவரைவாளர் தம் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு மேசையை ஊன்றி எழுந்தார். ஒரு நாற்காலியை வெளியே இழுத்து, வாழ்நாளில் முதன்முறையாக வேண்டுமென்றே கோணலாகப் போட்டார்.

"இங்கதானே மாமா?"

"நான் எதையும் தொடக்கூடாதே மாப்பிள்ளை."

"நேத்து நான் பேசினது தப்பு மாமா. தெரியாமப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. சொல்லுங்க."

"ஒரு சாண் இந்தப் பக்கம்" என்று சொல்லும்போதே மாமனார் பெஞ்சைக் குறுக்கே இழுத்துவிட்டார்.

"கதவுக்குப் பின்னாடி இருக்கிற தடியையும் எடுங்க மாமா. ராத்திரியில இனிமே நீங்களும் தூங்க வேணாமா?"

உறை பிரிந்தது. ஒரு கையில் தடியும் மறுகைக்கு நாற்காலிகளுமாகப் படவரைவாளர் கூடத்தைக் கடந்தார், திரும்பியும் வந்தார். மருத்துவர் தலையசைத்தார்.

"நல்லாவே நடக்கறீங்க சார். வேலைக்குப் போகலாம். ஆனா ஆபீஸ்ல எப்படிச் சமாளிப்பீங்க?"

"அங்க எனக்குத் தடுமாற்றமே வந்ததில்லை டாக்டர். என்ன, காவலாளி ஒருத்தர், எவ்வளவு அதட்டினாலும் முக்காலியை வழியிலயே..."

அவர் நிறுத்தினார். மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். மாமனார் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மாமா?"

"அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. என் பஸ்ஸை ஓட்டின டிரைவர் அவர்தான்."