தோள் தொடாத பத்து நாள்

"தோள்ல கை வைக்காத. பின்னாடி கம்பியப் புடிச்சிக்கோ."

வண்டியில் ஏறி உட்கார்ந்த ஞானசுந்தரியின் கை அந்தரத்திலேயே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பிடித்துவந்த தோள் அது.

தானியேல்தான் என்ன செய்வார், பாவம். வாலாஜாபாத் அரிசி மில்லில் நின்றபடியே தூங்கி வழிகிறார் என்று முதலாளி அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஆண்களுக்கான ஹார்மோன் குறைந்துவிட்டது என்று ஒரு ஜெல் எழுதிக்கொடுத்தார். காலையில் குளித்துத் துவட்டியபின் தோளில் தடவ வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஜெல் நன்றாகக் காய்ந்ததும் சட்டை போட்டு மூடிவிட வேண்டும். தடவிய இடம் வீட்டுப் பெண்கள் மேல் பட்டால் அவர்களுக்கு மீசை முளைத்தாலும் முளைக்கும் என்றார். மீசை என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் தானியேலின் காதில் ஏறவில்லை. மீசை இல்லாத ஞானசுந்தரிக்கே அந்த வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது.

உண்மையைச் சொன்னால் அவள் சிரிப்பாள். அவள் சிரித்தால் தெருவே சிரிக்கும். அதனால் தோள்வலி என்று சொல்லிவைத்தார்.

வலி என்றால் வீட்டில் சும்மா விடுவார்களா? அன்று மாலையே தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து சட்டையைக் கழற்றச் சொன்னாள். வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டுத் தானியேல் தோட்டத்துப் பக்கம் ஓடினார்.

வலியும் இல்லை, தொடவும் விடவில்லை என்றதும் ஞானசுந்தரி சபைப் போதகரைக் கூட்டிவந்துவிட்டாள். போதகர் கண்ணை மூடி, தோளில் கை வைத்து ஜெபிக்க வந்தார். அதே கை அடுத்து இவள் தலைமேல்தான் விழும் என்பது தானியேலுக்குச் சட்டென்று உறைத்தது. குனிந்துவிட்டார். போதகரின் கை பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன் தாமோதரனின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறக்காமலே ஜெபம் முழுவதையும் அங்கேயே முடித்தார்.

அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்தது. சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை மூடும் ரவிக்கை போட ஆரம்பித்தாள். சமாதானம் பண்ணலாமென்று தானியேல் அவள் கையைப் பிடிக்கப் போனால், "நீயும் என்னத் தொடாத" என்று பதறி விலகினாள். கோபம் இத்தனை தூரம் போய்விட்டதே என்று நினைத்தார். அவள் கை படாத தோளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுகூடத் தோன்றியது.

சனிக்கிழமை காலை ஞானசுந்தரி துணிப்பையோடு வாசலில் நின்றாள். மாகறலில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது திரும்புவாள் என்று சொல்ல முடியாதாம். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் விட்டால் போதுமாம்.

உத்திரமேரூர் பஜார் வந்ததும் தானியேலால் அதற்குமேல் முடியவில்லை. மருந்துக்கடை எதிரே வண்டியை நிறுத்தினார். மானம் போனால் போகட்டும், இவள் போகக் கூடாது.

"ஞானம், தோள்ல மருந்து போட்டுக்கினு கீறேன். ஆம்பளைங்க ஹார்மோன் கொறஞ்சிபோச்சாம். உன்மேல பட்டா உனுக்கு மீச மொளைக்கும்னாரு டாக்டரு. அதான் தொட வுடல."

அவள் சிரிக்கவில்லை. திருதிருவென்று விழித்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் மருந்துக்கடை காஜா மொய்தீன் அவர்களைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டீங்களா? அப்ப உன் தோளுக்குப் போடற ஆம்பளைங்க ஜெல்லையும், அக்கா கைக்குப் போடற பொம்பளைங்க ஹார்மோன் ஜெல்லையும் ஒரே பையில போட்டுடட்டா, அண்ணே?"